ஒரு பழைய புஷ்ஷும் ரப்பர் வந்த பாதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் நிற்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1978-ல் அப்பா வாங்கிய மார்க் 3. அப்பா நாகர்கோவிலில் டாக்சி ஓட்டினார். அந்த வண்டிதான் எங்கள் நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தது. என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிய பணமும் அதன் ஸ்டியரிங்கில் இருந்து வந்ததுதான். அப்பா போன பிறகு டாக்சி பெர்மிட்டை விட்டுவிட்டு, சொந்த வண்டியாக மாற்றி வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை எடுப்பேன். கல்யாணம், காது குத்து, சுசீந்திரம் தேர், அவ்வளவுதான்.

மூன்று மாதமாக முன்பக்கத்தில் ஒரு சத்தம். வேகத்தடை ஏறி இறங்கும்போது ‘கடக்’ என்று ஒன்று. பிரேக் பிடித்தால் இன்னொன்று. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் தானாக இடது பக்கம் ஓடுகிறது. முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்து, மற்ற இடம் புதிதாக இருக்கிறது. வீட்டுக்காரி, “வண்டிக்கும் உங்களுக்கும் ஒரே சீக்குதான், முட்டுல சத்தம்” என்றாள். சென்னையில் இருக்கும் மகன் போனில், “அப்பா, அதைக் கொடுத்துடுங்க. ஓடுற வரைக்கும் ஓட்டியாச்சு. இனி ஸ்பேர் பார்ட்ஸே கிடைக்காது” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் ஒரு வாரம் நினைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை மேஸ்திரியிடம் காட்டிவிடலாம் என்று கொண்டு போனேன்.

மேஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் பல்பு பிடிக்கச் சேர்ந்தவர். அப்பாவின் வண்டியை அப்போதிருந்தே பார்க்கிறவர். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மரக்கட்டை அண்டை கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு ஒரு கடப்பாரையைக் கீழே கொடுத்து லேசாக நெம்பினார். நான் குனிந்து பார்த்தேன். இரும்புக் கை ஒன்று ஒரு விரல் அகலம் இடம் பெயர்ந்து திரும்ப வந்தது.

“சாரே, இது புஷ்ஷு போன சத்தமாக்கும். வேற ஒண்ணும் இல்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு. இத விக்காண்டாம்.”

“புஷ் கிடைக்குமா அண்ணாச்சி?”

“கடையில உள்ளத வாங்காதீங்க. பழைய டயர அரைச்சு செஞ்சது வருது. ஆறு மாசம் தாங்காது. நாம செய்யச் சொல்லலாம், கேட்டியளா?”

கழற்றிய பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்தார். கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுத்த வளையம். ஒரு பக்கம் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. மறுபக்கம் எண்ணெய் குடித்து உப்பிப் போயிருந்தது. நகத்தால் கீறினால் கரி உதிர்ந்தது. அப்பா காலத்தில் எப்போதோ போட்டது. இத்தனை வருடமாக அந்த வண்டி வாங்கிய அடியில் பாதியை இதுதான் வாங்கியிருக்கிறது. நானோ அதன் பெயரைக்கூட அன்றுதான் சரியாகக் கேட்டேன்.

இந்தப் புஷ் எதற்கு என்று மேஸ்திரி எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரின் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். வண்டியின் உடல் அதோடு சேர்ந்து குதிக்கக் கூடாது. அதனால் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்திருக்கிறார்கள். நம் தோள்பட்டை மாதிரி, அந்தக் கை உடலோடு சேரும் இடத்தில் மேலும் கீழும் ஆட வேண்டும். இரும்பும் இரும்பும் அப்படியே சேர்ந்தால் உரசித் தேயும், சத்தம் போடும். ஆரம்ப காலத்துக் கார்களில் அந்த மூட்டுகளில் வெண்கலப் புஷ் போட்டு, வாரா வாரம் கிரீஸ் அடித்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்பாசிடரிலும் சில மூட்டுகளுக்கு அந்த வேலை உண்டு.

1920-களில் ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவே இறுக்கிய ரப்பர். கை ஆடும்போது இரும்பு உரசாது. நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. ‘சைலன்ட்பிளாக்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் மெக்கானிக்குகள் இன்றைக்கும் சொல்லும் ‘சைலன்ட் புஷ்’ அந்தப் பெயரின் பேரப்பிள்ளைதான்.

அம்பாசிடருக்கு வருகிறேன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-ல் வங்காளத்தின் உத்தரபாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கி, 1957-58-ல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. அதன் முன்பக்க அமைப்புக்கு மூலம் 1948-ல் வந்த மாரிஸ் கார்கள். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற பொறியாளர் மாரிஸ் மைனருக்காக எடுத்துக்கொண்ட ‘டார்ஷன் பார்’ முறை அது. சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. காருக்கு அடியில் நீளவாக்கில் ஒரு எஃகுக் கம்பி படுத்திருக்கும். சக்கரம் ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்கு விடும். ஈரத் துணியைப் பிழிந்துவிட்டுக் கையை விட்டால் கொஞ்சம் திரும்புமே, அதுபோல. இதே இஸ்ஸிகோனிஸ் 1959-ல் செய்த மினி காரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரையே வைத்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

நம் நாட்டில் அப்போது கார் என்றால் மூன்றுதான். உத்தரபாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவும் காத்திருந்தார். வண்டி வந்த அன்று தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கி, முதல் சவாரியாக எங்களைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார். திருவனந்தபுரத்தில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் திவான் சர் சி.பி. காலத்தில் சிமெண்ட் ரோடு போட்டதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ரோடு நன்றாக இருந்தால் வண்டி தேயாது என்பது அவருடைய வேதம்.

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. அதோடு புது உதிரிப் பாகங்களும் குறைந்துவிட்டன. அதனால்தான் மேஸ்திரி ‘செய்யச் சொல்லலாம்’ என்றார்.

மறுநாள் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கோணம் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகிற ஒரு எந்திரம். அதில் கருமாவைத் தூவித் தூவி ரப்பரைப் பிசைந்துகொண்டிருந்தார் ஒருவர், அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைவது மாதிரி. அந்தக் கருமாவுதான் கார்பன் கரி. ரப்பருக்கு உறுதி கொடுப்பது அது. புஷ்ஷும் டயரும் கறுப்பாக இருப்பது அதனால்தான். பக்கத்தில் சூடாக்கும் அழுத்து எந்திரம், இரண்டு பாதியாகப் பிரியும் இரும்பு அச்சு. பிசைந்த ரப்பரை வெட்டி அச்சில் வைத்து, சுமார் 150 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் அழுத்தி வைத்தால் புஷ் வெளியே வந்து விழுகிறது.

இந்தச் சூட்டில் நடப்பதைத்தான் 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், நூல்போல் பிரிந்து கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளை கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடும. பிறகு இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். ஐந்தாம் வகுப்புக்கு நான் பல வருடம் நடத்திய பாடம் இது.

பட்டறையின் மூலையில் பழுப்பு நிறத்தில் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரரிடம் கேட்டேன், “இது எங்கே இருந்து வருது?”

“எல்லாம் நம்ம மலையில உள்ளதுதான் சார். குலசேகரம், அருமனை. புகை போட்ட ஷீட்டு. இந்தப் புஷ்ஷுக்கு இதுதான் சரி, செயற்கை ரப்பர் போட்டா இந்த முறுக்குக்கு நிக்காது.”

அவர் சொன்னது சரிதான். இழுத்து இழுத்து விடுகிற வேலைக்கு, கிழியாமல் தாங்குவதற்கு இன்றும் மர ரப்பருக்கு நல்ல மாற்று இல்லை. கீழே குனிந்து ஒரு ஷீட்டை எடுத்து மோந்து பார்த்தேன். புகையும் புளிப்பும் கலந்த அந்த வாசனை. ரப்பர் காட்டுப் பக்கம் இருந்தவர்களுக்கு அது தெரியும். எனக்கு நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது 1984-ல், மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. நான் நாஞ்சில் நாட்டு வயல்காட்டில் வளர்ந்தவன். நெல், வாழை, தென்னை தெரியும், ரப்பர் தெரியாது. என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பேசும் தமிழ் நம் ஊர்த் தமிழ் இல்லை. இலங்கை மலையகத்துத் தமிழ். அவர்களுடைய அப்பா அம்மாவெல்லாம் அங்கே இருந்து திரும்பி வந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை ‘சிலோன்காரங்க’ என்பார்கள். அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற அட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். கையெல்லாம் கறுப்புப் பிசின், சட்டையில் இந்த வாசனை. நான் அவனை முட்டி போட வைப்பேன். ஒருநாள் அவன் பையில் இருந்து ஒரு உருண்டை கீழே விழுந்து, வகுப்பு முழுவதும் குதித்து ஓடியது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பிடித்துப் பார்த்தேன். ஒட்டுப்பாலை நூல் நூலாகச் சுற்றிச் செய்த பந்து. பால் வெட்டிய கோட்டில் மிஞ்சி நின்று காய்ந்து போகும் நாடாதான் ஒட்டுப்பால். அழுக்கு, நாற்றம் என்று சொல்லி அதை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

மறுநாள் அவன் அம்மா வந்தார். வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடு, தலையில் கட்டிய துணியோடு, வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பேசினார். “சார், அது களவாண்டது இல்லீங்க. மரத்துல இருந்து உரிக்கிறப்போ கீழ விழுந்தத அவன் பொறுக்கினான். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க சார்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரு சக ஆசிரியர் விளக்கினார். ஒட்டுப்பாலும் எடை போட்டு ஒப்படைக்க வேண்டிய சரக்கு. அது ஒருவர் வீட்டில் இருந்தால் திருட்டு என்று வரும். பையன் விடியற்காலை அம்மாவோடு போய், வெட்டுவதற்கு முன்னால் மரம் மரமாக அந்த நாடாவை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான். நான் அழுக்கு என்று எறிந்த பந்துக்காக, அவன் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். “இல்லைங்க, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டுதான் குட்இயர் பாடத்தையும் நடத்தினேன்.

அந்தப் பிள்ளைகளும் அந்த மரமும் எங்கள் மலைக்கு எப்படி வந்தார்கள் என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

ரப்பர் நம் மரம் இல்லை. அமேசான் காட்டு மரம். அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடிகள் மூவாயிரம் வருடத்துக்கு முன்பே ரப்பர் பாலில் ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து, பந்து செய்து ஆடியிருக்கிறார்கள். உலகத்தில் ரப்பரை வைத்து மனிதன் செய்த முதல் பொருட்களில் ஒன்று பந்து. என் மாணவன் செய்ததும் அதுதான்.

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 2,700 அளவில்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 1,900 கன்றுகளை, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பினார்கள். கொழும்புக்கு வடக்கே ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பருக்குத் தாய்வீடு அந்தத் தோட்டம். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி 1890-களில் செம்மைப்படுத்தினார். 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் வந்தது. அங்கிருந்து திருவிதாங்கூர் முழுக்கப் பரவி, நம் விளவங்கோடு, கல்குளம் மலைச்சரிவுகளுக்கும் ஏறியது. அப்போது நாமும் திருவிதாங்கூர்தானே. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சேர்ந்தபோது தமிழ்நாட்டுக்கு ரப்பரையும் கொண்டுவந்தோம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் மலைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தென்மேற்கு மழையும் கிடைக்கிறது, வடகிழக்கு மழையும் கிடைக்கிறது. ஆனால் வடக்கே கேரளத்தில் கொட்டுகிற மாதிரி விடாமல் கொட்டுவதில்லை. அதனால் மழைக்காலத்தில் இலை கொட்டும் நோய் இங்கே அவ்வளவாக இல்லை. ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் பரளியாற்றில் ஒரு துணை நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை.

மரம் இலங்கைக்குப் போவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் ஆட்கள் அங்கே போய்விட்டார்கள். 1820-களில் இருந்து காப்பித் தோட்டத்துக்காகத் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கூலிகளைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். 1869-ல் காப்பிக்குத் துரு நோய் வந்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது, பின்னால் ரப்பரும் வந்தது. மூன்று நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே செத்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, அவர்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதிப் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. நம் மாவட்டத்தில் வனத்துறை ரப்பர் நட்டது. கீரிப்பாறை, மருதம்பாறை, சிற்றாறு, கோதையாறு, மணலோடை என்று நீங்கள் பஸ் போர்டில் பார்க்கும் பெயர்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. பிறகு அந்தத் தோட்டங்களை நிர்வகிக்க 1984-ல் அரசு ரப்பர் கழகம், நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரம் பிரேசிலில் இருந்து லண்டன் போய், இலங்கை வந்து, நம் மலைக்கு வந்தது. மனிதர்கள் நம் நாட்டில் இருந்து இலங்கை போய், நம் மலைக்குத் திரும்பி வந்தார்கள். இருவரும் ஒரே கடலைத் தாண்டித்தான் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். மரத்துக்கு நாம் ஆராய்ச்சி நிலையம் வைத்தோம். அந்த மனிதர்களின் பிள்ளையை நான் முட்டி போட வைத்தேன்.

ரப்பர் பால் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கன்று நட்டு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையை இடமிருந்து வலமாகச் சரிவாகச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. ஒரு ஆள் ஒரு காலையில் 300 மரம் வெட்டுவார். பால் சிரட்டையில் சொட்டும். அதைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். நூறு பங்கு பாலில் முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர், மீதி தண்ணீர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் காசும் குறைவு. 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அப்போது எத்தனையோ சின்ன விவசாயிகள் வெட்டுவதையே நிறுத்திப் போட்டார்கள். அன்று நான் டயர் வாங்கியபோது விலை இறங்கியதாக நினைவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் புஷ் வந்தது. மேஸ்திரி இரண்டு பக்கமும் மாற்றினார். “ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி மத்த பக்கம் இழுக்கும்.” டார்ஷன் பாரைக் கழற்றும் முன் பெயிண்டால் அடையாளக் கோடு போட்டார். இடது கம்பியும் வலது கம்பியும் மாறிவிடக் கூடாது. முறுக்கிய கம்பியில் உயிர் இருக்கும், அசட்டையாகக் கை வைத்தால் விரலைக் கொண்டுபோய்விடும் என்று உதவிக்கு நின்ற பையனைத் தள்ளி நிற்கச் சொன்னார். புது புஷ்ஷை உள்ளே தள்ள அந்தப் பையன் கிரீஸ் டப்பாவை எடுத்தான். மேஸ்திரி கத்தினார்.

“லேய் மக்கா, கிரீஸ வை கீழ! ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. சோப்புத் தண்ணி எடு.”

எல்லாம் மாட்டிய பிறகும் நட்டுகளை முழுதாக இறுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஜாக்கியை இறக்கி, வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்பக்கத்தை மூன்று நான்கு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் இறுக்கினார்.

“தூக்கி வச்ச எடத்துல முறுக்குனா, எறக்குன ஒடனே ரப்பரு முறுகியே நிக்கும் சாரே. எந்நேரமும் முறுகி நின்னா சீக்கிரம் அத்துப் போவும். அது நிக்க வேண்டிய நெலையில நிக்கவிட்டுட்டுத்தான் இறுக்கணும்.”

நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். விடியற்காலை வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளையை, அவன் எந்த நிலையில் நிற்கிறான் என்று பார்க்காமலே நான் இறுக்கியிருக்கிறேன்.

வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரியும் வந்தாள். குண்டும் குழியுமான இடத்தில்கூட ஒரு சத்தம் இல்லை. ஸ்டியரிங் பிடித்த இடத்தில் நின்றது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக. வெட்டு முடித்துவிட்டு, வாளியோடு பெண்கள் ரோட்டோரமாக நடந்து போனார்கள். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாக அந்தக் காலத்திலேயே சொன்னார்கள். ஐம்பது வயதை நெருங்கியிருப்பான். அவன் அம்மா இருக்கிறாரா என்று தெரியாது.

மகனிடம் வண்டியைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். “ஒரு ரப்பர் வளையத்துக்காகவா?” என்று சிரித்தான். ஆமாம் என்றேன்.

பழைய புஷ்ஷைத் தூக்கிப் போடவில்லை. மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 1984 முதல் 1990 வரை படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒட்டுப்பால் பந்து கொண்டுவந்த பையன் நான்தான் என்றோ, அவனைத் தெரியும் என்றோ சொல்ல முடிந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நாற்பது வருடம் தாமதமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றவர்கள், உங்கள் வீட்டு அம்பாசிடர், ஃபியட் கதைகளைக் கீழே எழுதுங்கள். ரப்பர் காட்டுக் கதைகள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.